பழைய காரில் மிஸ்ஸிங்: பார்ட்ஸ் மாற்றுவதா, ஸ்கேனர் போடுவதா, கையால் தேடுவதா?

கடலூரிலிருந்து கன்னியக்கோயில் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும்வரை வண்டி ஒழுங்காகத்தான் ஓடும். மரப்பாலம் சிக்னலில் நின்றதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். பச்சை விழுந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறிவிட்டு அப்புறம்தான் இழுக்கும். வயதான பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவதைப் பட்டறையில் மிஸ்ஸிங் என்பார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளில் மூன்று வழிகள் நடக்கின்றன: சந்தேகப்பட்ட பார்ட்ஸை மாற்றிப் பார்ப்பது, இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுவது, இன்ஜினை ஓடவிட்டுக் கையாலும் காதாலும் தேடுவது. மூன்றுக்கும் இடம் இருக்கிறது. எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் செலவு கூடுவதும் குறைவதும்.

மாற்றிப் பார்ப்பதை முதலில் முடித்துவிடலாம், அதில் சொல்ல அதிகம் இல்லை. பிளக், ஏர் ஃபில்டர் இரண்டும் எப்படியும் தேய்கிற சாமான்கள். மாற்றி நாளாகியிருந்தால் மாற்றிவிடுங்கள், நஷ்டமில்லை. அதோடு நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். பிளக்குக்கு அப்புறம் ஒயர், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில், பெட்ரோல் பம்ப், சென்சார் என்று பட்டியல் நீளும். எலக்ட்ரிக்கல் சாமானைப் பெரும்பாலான ஸ்பேர்ஸ் கடைகளில் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஒரே நாளில் மூன்றை மாற்றி வண்டி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. போலிச் சென்சார் ஒன்று உள்ளே போய்விட்டால், பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேரும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியாக இருந்தால், ஒன்றாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றில் மாட்டுங்கள், மூன்றில் இருந்ததை ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக்கை அதேபோல் மாற்றுங்கள். கடைக்கே போக வேண்டாம்.

சரி, ஸ்கேனர். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் கருவியை வாங்கி மாட்டினால் போன் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. முதலில் உங்கள் வண்டி அதோடு பேசுமா என்று பாருங்கள். பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் வந்தது. நாடு முழுவதற்கும் வர 2017 ஏப்ரல் ஆயிற்று. ஸ்கேனர் பேசும் இன்ஜின் சுயபரிசோதனை வசதியும் இந்த விதியின் கீழ்தான் படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் இருக்கும், கம்ப்யூட்டரும் இருக்கும், ஆனால் அது கம்பெனியின் சொந்தக் கருவியோடு மட்டுமே பேசும். கம்ப்யூட்டர் இல்லாமல் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர் வைத்த மாருதி 800-க்கு இந்தப் பேச்சே இல்லை.

பேசினாலும் அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். பி0301 என்று வந்தால் ஒன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று பொருள். ஏன் என்று அது சொல்லாது. பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு எல்லாமே அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கும். இந்தக் கோட் எண்ணைவிட எனக்கு மதிப்பாகத் தெரிவது, ஓடும்போதே காட்டும் ஃப்யூவல் ட்ரிம் எண்கள். கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைச் சதவீதமாகக் காட்டும். ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நின்று ஓடும்போது) சாதாரணமாக இருந்து, மேம்பாலம் ஏறும்போது மட்டும் கூட்டல் 15, 20 என்று போனால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டரையும் பம்பையும் சந்தேகப்படலாம். திணறலுக்கு இது நல்ல சாட்சி.

ஐட்லிங் நடுக்கத்துக்கு வந்தால் இதே எண்கள் ஏமாற்றும். ஐட்லிங்கில் ட்ரிம் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் ஏர் லீக் (ஓட்டை வழியே காற்று புகுவது) என்று யூடியூப் முழுக்கச் சொல்கிறார்கள். உள்ளே போகும் காற்றை நேரே அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டிக்கு அது சரி. நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் இருப்பது மேப் சென்சார்; இது மேனிஃபோல்டின், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயின், அழுத்தத்தை அளப்பது. மேனிஃபோல்டில் எங்காவது காற்று புகுந்தால் உள்ளே அழுத்தம் கூடும், சென்சார் அதைப் பார்க்கும், கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடும். ட்ரிம் பெரிதாக அசையாது. ஐட்லிங் மட்டும் ஏறி இறங்கி ஆடும். ஸ்கேனரில் எல்லாம் நார்மல் என்று கையை விரிக்கிற இடம் பல சமயம் இதுதான்.

அதனால்தான் என் ஓட்டு, முதல் அரைமணி நேரத்துக்கு, கைத் தேடலுக்கு. தொடங்குவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: நடுங்குவது இன்ஜினா, கேபினா? மூன்று சிலிண்டர் 800, ஆல்டோ எல்லாம் இயல்பாகவே கொஞ்சம் துடிக்கும். இன்ஜின் மவுண்ட் ரப்பர் செத்திருந்தால் அந்தத் துடிப்பு அப்படியே சீட்டுக்கு வரும். சைலன்சர் வாய்க்கு அருகே ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒரே சீராக அடித்தால் இன்ஜின் பெரும்பாலும் நலம், மவுண்டைப் பாருங்கள். இடையிடையே விட்டு அடித்தால் மிஸ்ஸிங். தாள் உள்நோக்கி இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லையோ என்ற சந்தேகம் வர வேண்டும்.

மிஸ்ஸிங் எந்தச் சிலிண்டரில்? இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியும் சத்தம் மாறாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. பிளக் ஒயரை ஓடும்போது பிடுங்கும் பழைய பழக்கம் வேண்டாம். ஷாக் அடிப்பது ஒருபுறம், எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும், இக்னிஷன் மாட்யூலும் போகலாம்.

ஏர் லீக்குக்குத் தண்ணீர் ஸ்பிரே போதும். வேக்யூம் ஹோஸ் (மேனிஃபோல்டோடு சேரும் ரப்பர் குழாய்), மேனிஃபோல்ட் ஜாயின்ட் மேல் மெல்லத் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் இன்ஜின் சத்தம் ஒரு நொடி மாறும். கார்பரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்க மேனிஃபோல்டில் அது தீப்பிடிக்கும். அதே தண்ணீரை இருட்டிய பிறகு பிளக் ஒயர்மேல் தெளித்தால், கரண்ட் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். மழைக்கால விடியலில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டிகளுக்கு இந்தச் சோதனையைத்தான் முதலில் சொல்வேன்.

நம் கடற்கரைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: உப்புக் காற்று. தேவனாம்பட்டினம், முதலியார்பேட்டைப் பக்கம் வெளியில் நிறுத்தும் வண்டிகளில் எர்த் ஒயர் முனையிலும் சென்சார் கனெக்டரிலும் பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டு, இறுக்கினால் முடிந்தது. சென்சார் கெட்டதாகச் சொல்லி மாற்றப்படுவதில் ஒரு பங்கு இந்தப் பச்சைதான் என்பது என் எண்ணம்.

பெட்ரோலையும் விட்டுவிட முடியாது. புதுச்சேரியில் விலை குறைவு என்று கடலூர்க்காரர்கள் அங்கே போய் நிரப்புவது வழக்கம், அதில் தப்பில்லை. இரு பக்கமும் இப்போது கிடைப்பது எத்தனால் கலந்ததுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்க் அடியில் தங்கும், பம்ப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். பாதி டேங்கோடு ஐப்பசி, கார்த்திகை முழுக்க நின்ற வண்டி கிளம்பும்போது திணறினால் டேங்க் அடியைப் பாருங்கள். கார்பரேட்டர் வண்டிக்கு வேறொரு தொல்லையும் உண்டு: எத்தனால் கூடும்போது கலவை மெலிந்துவிடும், அதை ஈடுகட்ட அதில் கம்ப்யூட்டர் கிடையாது.

என் வரிசை இது. கார்பரேட்டர் வண்டிக்கும் ஸ்கேனரோடு பேசாத பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் கைத்தேடல், அப்புறம் தேவைப்பட்டால் கம்பெனிக் கருவி உள்ள பட்டறை. பேசும் வண்டிக்கு ஐட்லிங் நடுக்கம் என்றால் கைத்தேடல், ஓட்டத்தில் திணறல் என்றால் ஸ்கேனர். இரண்டிலும் ஒன்றும் சிக்காமல் ஒரு சிலிண்டர் மட்டும் செத்தே கிடந்தால், அடுத்த சென்சாரை வாங்காமல் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் போடச் சொல்லுங்கள். கேஸ் கிட் மாட்டி ஓட்டிய வண்டியாக இருந்தால் அதற்கும் முன்னால் டேப்பெட் (வால்வு) இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள்.