ஒளிரும் பொடி வாங்கப் போகிறவர்களே, சற்று நில்லுங்கள்

இருட்டில் ஒளிரும் என்று சொல்லிப் பொடி விற்ற கடைக்கு நேற்று நான்காவது முறையாகக் கேட்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது 18,500 ரூபாய்.

அப்பா மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வாவியில் மாலையில் வலை போட்டுவிட்டு, விடியப்புறம் மூன்று மணிக்கு எடுக்கப் போவார். இருட்டில் மிதப்புகள் தெரியாமல் மற்றத் தோணிகள் வலையைக் கிழித்துவிடுகின்றன. மிதப்புகளுக்கு ஒளிரும் பூச்சு அடித்துக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டது நான்தான்.

நகரத்தில் பெயின்ட் விற்கும் ஒரு கடை. "தங்கச்சி, இது ஸ்ரொன்சியம் அலுமினேற்று. விடியும்வரை ஒளிரும்" என்றார் கடைக்காரர். நான் தயங்கியதைப் பார்த்துப் பின்னறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ஊதா ஒளி தரும் சிறிய டோர்ச்சைப் பொடியின்மேல் பிடித்து அணைத்தார். பச்சை நெருப்பு! அந்த ஒரு நிமிடத்தில்தான் ஏமாந்தேன். ஊதா ஒளி பட்டதும் மட்டமான பொடியும் முதல் நிமிடம் அப்படித்தான் மின்னும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 18,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு நன்றி வேறு சொன்னேன்.

பூசிய மிதப்புகளைப் பகல் முழுவதும் வெயிலில் வைத்தோம். இரவு ஏழரைக்குள் எல்லாம் அணைந்துவிட்டன. "மகள், மின்மினி இதைவிட நல்லது" என்றார் அப்பா.

கடைக்குப் போய்க் கேட்டேன். "வெயில் போதாது, நன்றாகக் காயவையுங்கள்." மறுபடி கேட்டேன். "கச்சான் காற்றுக் காலம், சூடு கூடிவிட்டது." மூன்றாம் முறை முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். நேற்றுப் பற்றுச்சீட்டின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்கள்: விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது.

சூடு என்ற சாக்கில் பாதி உண்மை இருப்பதுதான் வயிற்றெரிச்சல். வீட்டில் சோதித்துப் பார்த்தேன். இரண்டு சிறிய தட்டுகளில் பொடியை வைத்து ஒரே விளக்கின்கீழ் ஒளியூட்டி, ஒன்றை ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். மேசையில் இருந்தது அரை மணித்தியாலத்தில் செத்துவிட்டது. ஐஸ் பெட்டியில் இருந்தது மங்கலாகவே கிடந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்து உள்ளங்கையில் வைத்ததும் மெல்லப் பிரகாசித்தது! எனக்குப் படிப்பித்த விஞ்ஞான ஆசிரியை விளக்கினார்: ஒளி பட்டதும் இலத்திரன்கள் பொடிக்குள் எலிப்பொறி மாதிரி இருக்கும் இடங்களில் அகப்படுகின்றன, வெப்பம் அவற்றை உலுக்கி விடுவிக்கும்போதுதான் ஒளி வருகிறது. சூடு கூடினால் பிரகாசமும் கூடும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஆனால் யூரோப்பியம், டிஸ்புரோசியம் என்ற உலோகங்களைச் சிறிதளவு சேர்த்த உண்மையான ஸ்ரொன்சியம் அலுமினேற்று நம் ஊர்ச் சூட்டிலும் பல மணித்தியாலம் தாங்குமாம். எனக்கு விற்றது சீக்கிரம் மங்கிவிடும் பழைய நாக (சிங்க்) சல்பைட்டு வகையாக இருக்கலாம் என்கிறார். அதற்கா 18,500 ரூபாய்?

என்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. ஊதா டோர்ச்சை நம்பாதீர்கள். சாதாரண விளக்கில் காட்டச் சொல்லி, அரை மணித்தியாலம் கடையிலேயே நின்று பாருங்கள். சிவப்பு வெளிச்சத்தில் எவ்வளவு காட்டினாலும் பொடியில் ஒளி ஏறாது. தண்ணீரில் போடுவதென்றால் நீர் புகாத மேற்பூச்சுள்ள பொடிதானா என்று கேளுங்கள். ஸ்ரொன்சியம் அலுமினேற்று ஈரத்தில் கெட்டுவிடும். பற்றுச்சீட்டில் பொருளின் பெயரை எழுதி வாங்குங்கள். என்னுடையதில் "பொடி 1 கிலோ, 18,500" என்று மட்டும்தான் இருக்கிறது.