நினைவுத் தங்க நாணயம்: வெளியீட்டு நாளிலா, காத்திருந்தா, அதற்குப் பதில் வேறொன்றா?

விலை அதிகமான நினைவுத் தங்க நாணயம் ஒன்று அறிவிக்கப்பட்டதும் சேகரிப்பவர்களுக்குள் "வாங்கலாமா, வேண்டாமா" என்ற பேச்சு கிளம்பிவிடும். கேள்வியை அப்படி வைத்துக்கொண்டால் பதில் கிடைக்காது. அந்தப் பணத்துக்குப் போட்டியாக இன்னும் மூன்று இருக்கின்றன: முதலீட்டுக்கென்றே அடிக்கும் சாதாரணத் தங்க நாணயம், அதே நினைவு நாணயத்தைச் சில ஆண்டுகள் கழித்து இன்னொருவரிடமிருந்து வாங்குவது, நூறாண்டு பழைய நாணயம். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எது நமக்கு என்று தெரியும்.

முதலில் விலையைப் பிரித்துப் பார்ப்போம். 2014 ஆகஸ்டில் அமெரிக்க நாணயச்சாலை கென்னடி அரை டாலரின் 50ஆம் ஆண்டுக்காக ஒரு தங்க நாணயம் வெளியிட்டது. முக்கால் ட்ராய் அவுன்ஸ் (ஒரு ட்ராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம்) தங்கம், 1964-2014 என்று இரட்டை ஆண்டு, தொடக்க விலை 1,240 டாலர். அன்று தங்கம் அவுன்ஸ் 1,290 டாலரை ஒட்டி இருந்தது. அப்படியானால் நாணயத்தில் இருந்த தங்கத்தின் மதிப்பு சுமார் 970 டாலர். மீதி 270 டாலர் எதற்கு? கண்ணாடிபோல் மின்னும் ப்ரூஃப் அச்சுக்கு, பெட்டிக்கு, சான்றிதழுக்கு, நாணயச்சாலையின் லாபத்துக்கு. இவற்றோடு, வாங்குபவர் மனதில் இருக்கும் ஒரு நம்பிக்கைக்கும்: "நாளை இது கிடைக்காது."

அந்த நம்பிக்கைதான் அன்று மக்களை நீண்ட வரிசையில் நிறுத்தியது. வியாபாரிகள் ஆட்களுக்குக் கூலி கொடுத்து வரிசையில் நிற்கவைத்தார்கள். பாதுகாப்புக் காரணத்தால் சில நாட்களிலேயே நேரடி விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் அந்த நாணயத்துக்கு மொத்த அச்சு எண்ணிக்கையில் உச்சவரம்பே இல்லை! கேட்டவர்களுக்கெல்லாம் அடித்துக் கொடுத்தார்கள். 2015 முடிவில் தங்கம் 1,060 டாலருக்கு வந்தபோது, உள்ளிருந்த தங்கம் 800 டாலர்கூடப் பெறவில்லை. அதன்பின் தங்கம் ஏறியது, உண்மைதான். ஆனால் அன்றைய 1,240 டாலருக்கு ஈகிள் என்ற அமெரிக்காவின் சாதாரண முதலீட்டு நாணயங்களாக வாங்கியவர் கையில் முக்கால் அவுன்ஸுக்குப் பதில் சுமார் 0.9 அவுன்ஸ் இருந்திருக்கும். தங்கத்தின் ஏற்றத்தை மட்டும் எதிர்பார்ப்பவருக்கு இந்தக் கிராம் கணக்கே தீர்ப்பு. அவர் நினைவு நாணயத்தின் பக்கமே வர வேண்டாம்.

முதலீட்டு நாணயத்தின் பலம் அதன் சலிப்பில்தான் இருக்கிறது. 1967 முதல் வரும் தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட், 1979 முதல் வரும் கனடாவின் மேப்பிள் லீஃப், 1986 முதல் வரும் அமெரிக்க ஈகிள் ஆகியவற்றை உலகத்தின் எந்த வியாபாரியும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார். பெட்டி எங்கே, சான்றிதழ் எங்கே என்று கேட்கமாட்டார். வாங்கும்போது தங்க விலைக்கு மேல் கொஞ்சம்தான் கொடுக்கிறோம், விற்கும்போதும் கொஞ்சம்தான் இழக்கிறோம். க்ரூகராண்டும் ஈகிளும் 22 காரட். ஆனால் மொத்த எடை 33.93 கிராம் என்பதால் உள்ளே முழு அவுன்ஸ், 31.1 கிராம், தூய தங்கம் உண்டு. செம்பு கலந்திருப்பதால் எளிதில் கீறல் விழாது. மேப்பிள் லீஃப் 999.9 தூய்மை, மென்மையானது, பக்குவமாகக் கையாள வேண்டும்.

"வருடா வருடம் ஒரே முகமா?" என்று அலுத்துக்கொள்பவருக்குச் சீனாவின் பாண்டா இருக்கிறது. 1982இல் தொடங்கிய இந்த வரிசையில் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் கரடியின் படம் மாறும். 2002இல் மட்டும் முந்தைய ஆண்டின் படமே வந்தது. சேகரிப்பவர்கள் விடவில்லை, அடுத்த ஆண்டு முதல் மறுபடி மாற்றினார்கள். ஒரு எச்சரிக்கை: முன்பு ஓர் அவுன்ஸாக இருந்த பாண்டா 2016 முதல் 30 கிராம்தான். அவுன்ஸ் என்று நினைத்து விலையை ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

இனி சேகரிப்பவர்களை அதிகம் தடுமாறவைக்கும் விஷயம், அச்சு எண்ணிக்கை. "உலகத்திலேயே 500 மட்டும்" என்ற வரியைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. ஆனால் அந்த நாணயம் தேவைப்படுபவர்கள் 300 பேர்தான் என்றால், 500 என்பது அதிகம். எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை பேருக்கு அது இல்லாமல் தீராது என்பதைக் கேட்க வேண்டும்.

இதற்கு இரண்டு நாணயங்களைப் பாருங்கள். 1997இல் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் நினைவாக அமெரிக்கா 5 டாலர் தங்க நாணயம் வெளியிட்டது. சட்டம் ஒரு லட்சம் வரை அனுமதித்தது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் அட்லாண்டா ஒலிம்பிக் உட்பட நினைவு நாணயங்கள் குவிந்து சேகரிப்பவர்கள் களைத்துப்போயிருந்தார்கள். ப்ரூஃப் அல்லாத சாதாரண அச்சில் விற்றது 5,174 மட்டுமே. பிற்பாடு அமெரிக்காவின் 5 டாலர் நினைவு நாணய வரிசையை முழுமையாக்க நினைத்த அத்தனை பேரும் தேடி அலைந்த நாணயம் அதுதான். வெளியீட்டு நாளில் அதற்காக யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மாறாக, இரண்டாம் உலகப் போர் முடிந்த 75ஆம் ஆண்டுக்காக 2020இல் வி75 என்ற சிறு முத்திரையோடு வந்த தங்க ஈகிள். 1945ஐக் குறிக்க 1,945 மட்டுமே அடித்தார்கள். சில நிமிடங்களில் தீர்ந்தது, மறுவிற்பனையில் விலை பல மடங்கு ஏறியது. ஏறியதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமல்ல. ஈகிள் வரிசையைச் சேர்ப்பவர்கள் ஏற்கெனவே ஏராளம். அவர்களுக்கு அது ஒரு காலி இடம். தனியாக நிற்கும் கருப்பொருள் நாணயத்துக்கு அந்தக் கூட்டம் பின்னால் வராது.

ஆகவே பெரும்பாலான நினைவு நாணயங்களுக்கு என் யோசனை மூன்றாவது வழி: காத்திருங்கள். ஆரவாரம் அடங்கியபின் அதே நாணயம், அதே பெட்டியோடு, தங்க மதிப்பை ஒட்டிய விலையில் கைமாறுவதை மறுபடி மறுபடி பார்க்கிறோம். வாங்கும்போது ப்ரூஃப் முகத்தில் விரல் ரேகை இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். துடைத்த தடம் இருந்தால் விட்டுவிடுங்கள். தரம் பார்க்கும் நிறுவனங்கள் கொடுக்கும் உச்ச மதிப்பெண்ணான 70 என்ற லேபிளுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய ப்ரூஃப் நாணயங்களில் பெரும்பாலானவை 69 அல்லது 70 வாங்கிவிடுகின்றன. வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

முகமதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது தங்க மதிப்பில் சிறு பங்குதான். விதிவிலக்கு ஜப்பான். 1986இல் பேரரசர் ஹிரோஹிட்டோ ஆட்சியின் 60ஆம் ஆண்டுக்கு வந்த நாணயத்தில் 20 கிராம் தங்கம், முகமதிப்பு ஒரு லட்சம் யென். அன்று தங்கத்தின் மதிப்போ அதில் பாதிகூட இருக்கவில்லை. 1990இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிகள் பிடிபட்டன. அவையும் அசல் தங்கத்தில் செய்தவையே! எடையும் தூய்மையும் சரியாக இருந்தாலே அசல் என்று நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பழைய நாணயம் என்றால் பிரிட்டிஷ் சவரின். எடை 7.98 கிராம், உள்ளே 7.32 கிராம் தங்கம். 1817இல் சிற்பி பிஸ்ட்ரூச்சி வடித்த குதிரைவீரனும் டிராகனும் இன்றும் தொடர்கின்றன. சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா என்று பல ஊர்களில் அடித்தார்கள். பம்பாயில் 1918இல் மட்டும். சாதாரண ஆண்டுகளின் சவரின் தங்க விலைக்கு அருகிலேயே கிடைக்கும். ஒரு நினைவு நாணயத்தின் விலைக்கு ஊர் முத்திரை வாரியாக நான்கைந்து சேர்த்துவிடலாம். தேடிச் சேர்க்கும் சுகத்துக்கு இதுபோல் இன்னொன்று எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் வெளியீட்டு நாளிலேயே, முழு விலைக்கு எதையாவது வாங்குவேனா? வாங்குவேன். 2009இல் அமெரிக்கா அடித்த மிகை உயர் புடைப்பு (உருவம் மிக உயரமாக எழும்பி நிற்கும்) டபுள் ஈகிள் என்ற 20 டாலர் நாணயம் போன்ற ஒன்று வந்தால். 1907இல் சிற்பி செயின்ட் காடன்ஸ் கேட்ட அளவு ஆழத்தில் புழக்கத்துக்கென்று அடிக்க முடியாமல்போன உருவத்தை, 27 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஓர் அவுன்ஸ் தங்கத்தில் கொண்டுவந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது, அபூர்வம் என்று சொல்லவே முடியாது. ஆனாலும் இன்றுவரை தங்க மதிப்புக்கு மேல் வைத்தே கைமாறுகிறது. சாய்த்துப் பிடித்தால் விடுதலை தேவியின் முழங்காலும் பறக்கும் உடையின் மடிப்பும் நிழல் விழும் அளவுக்கு எழும்பி நிற்கும்.