டெபிட் கார்டுக்கு 2 சதவீதம் "பேங்க் சார்ஜ்": புதுக் கார் எடுக்கும் நீலகிரிக்காரர்கள் கவனத்துக்கு

நம் மலையில் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் புதுக் கார் எடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். டெபிட் கார்டில் முன்பணம் கட்டியதற்கு "பேங்க் சார்ஜ்" என்று சொல்லி என்னிடம் 7,080 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு ரூபாய்கூட வங்கிக்குப் போயிருக்க வழியில்லை. புகார் கொடுத்திருப்பதால் ஷோரூம் பெயரை இங்கே போடவில்லை.

நடந்தது இதுதான். வண்டி விலையில் பெரும்பகுதி வங்கிக் கடன். அதை வங்கியே ஷோரூம் கணக்குக்கு அனுப்பிவிட்டது. எங்கள் பங்கு 3 லட்சம். ஆர்டிஜிஎஸ்ஸில் (ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய தொகையை நேரடியாக அனுப்பும் முறை) அனுப்புவதாகத்தான் முதலிலிருந்தே பேச்சு. டெலிவரி வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும், அதற்குள் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். இது ஷோரூமுக்கும் தெரியும். மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அப்போதுதான் விற்பனைப் பையன் வந்தார். "சார், ஆர்டிஜிஎஸ் போட்டா எங்க அக்கவுண்ட்ல ஏற சாயங்காலம் ஆயிடும்ங்க. ஹெட் ஆபீஸ்ல கன்ஃபர்ம் பண்ணினாத்தான் சாவி தர முடியும். டெபிட் கார்டு இருந்தா தேச்சுடுங்க, உடனே முடிஞ்சுடும்" என்றார்.

சார்ஜ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கார்டின் வரம்பை ஆப்பில் உயர்த்திவிட்டுக் கொடுத்தேன். பின் நம்பர் போடச் சொல்லி மெஷினை நீட்டியபோது திரையில் 3,07,080 என்று இருந்தது. கேட்டதற்கு, "ரெண்டு பர்சென்ட் பேங்க் சார்ஜ், அதுக்கு ஜிஎஸ்டி. எல்லாருக்கும் இதேதாங்க" என்றார். மணி பத்தைத் தாண்டியிருந்தது. "விடு கண்ணு, நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல எதுக்கு" என்று சித்தப்பா சொன்னார். ரசீது வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கட்டினேன்.

அந்த ரசீதைப் பாருங்கள். வண்டிக்கு வரவு 3,00,000 என்று ஒரு கணினி ரசீது, ஜிஎஸ்டி எண்ணோடு. மீதி 7,080-க்கு, "இதர வரவு" என்று பேனாவால் எழுதிய ஒரு துண்டு வவுச்சர். அதில் ஜிஎஸ்டி எண் கிடையாது. 6,000 ரூபாய்க்கு 18 சதவீதம், 1,080 ரூபாய், ஜிஎஸ்டி என்று வாங்கியவர்கள் அதற்கு வரி ரசீது தரவில்லை. கார்டு மெஷினிலிருந்து வந்த சீட்டில் ரூபே டெபிட் என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது.

விசா, மாஸ்டர்கார்டு போல நம் நாட்டுக் கார்டு வகையான இந்த ரூபே என்பதுதான் விஷயம். கார்டு தேய்த்தால் கடைக்காரரிடம் வங்கி பிடிக்கும் கட்டணத்தை எம்டிஆர் என்பார்கள். ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். ஷோரூமிடம் வங்கி எதுவும் பிடிக்காதபோது என்னிடம் எதற்காக வாங்கினார்கள்?

சரி, உங்களிடம் இருப்பது விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டு என்றே வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரில் போட்ட உத்தரவுப்படி, 2018 ஜனவரி முதல், ஆண்டு வியாபாரம் 20 லட்சத்துக்கு மேல் உள்ள கடையிடம் அதிகபட்சம் 0.90 சதவீதம்தான் பிடிக்கலாம். அதுவும் ஒரு தடவைக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 3 லட்சம் தேய்த்தாலும் 5 லட்சம் தேய்த்தாலும் அந்த 1,000-தான் உச்சம், ஜிஎஸ்டி சேர்த்தால் 1,180. கடைக்காரர் அதை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வங்கிகளுக்கும் அதே உத்தரவில் சொல்லியிருக்கிறார்கள். ஆக, டெபிட் கார்டில் பெரிய தொகைக்கு 2 சதவீதம் கேட்டால் அதில் பெரும்பகுதி வங்கிக் கட்டணமே கிடையாது. ஷோரூம் தனக்கு எடுத்துக்கொள்ளும் பணம்.

கிரெடிட் கார்டு கதை வேறு. அதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. கடைக்காரருக்கு 2 சதவீதம் அளவுக்குச் செலவாவது சகஜம். அதனால் கார் விலையில் சிறு பகுதிக்குத்தான் கிரெடிட் கார்டு வாங்குவோம் என்று பல ஷோரூம்களில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கார்டில் கிடைக்கும் ரிவார்டு பாயிண்டுக்கு ஆசைப்பட்டு 2 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும் முன், அந்தப் பாயிண்டுகளின் ரூபாய் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலான கார்டுகளில் அது கட்டாது.

ஆர்டிஜிஎஸ் ஏற சாயங்காலம் ஆகும் என்பதும் பொய்தான். 2020 டிசம்பர் 14 முதல் அது 24 மணி நேரமும், ஞாயிறு, பண்டிகை நாட்களிலும் ஓடுகிறது. பணம் அனுப்பிய தகவல் பெறுபவரின் வங்கிக்கு வந்து சேர்ந்த அரை மணி நேரத்துக்குள் அவர் கணக்கில் அந்த வங்கி வரவு வைத்தாக வேண்டும். குறைந்தபட்சத் தொகை 2 லட்சம். கிளைக்கு நேரில் போய்ப் போட்டால்கூட 5 லட்சம் வரை 25 ரூபாய்க்குள், அதற்கு மேல் 50 ரூபாய்க்குள்தான் கட்டணம், ஜிஎஸ்டி தனி.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. ஆப்பில் புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடாது. எனவே டெலிவரிக்குச் சில நாள் முன்பே ஷோரூம் கணக்கைச் சேர்த்து, நெஃப்டில் (சிறு தொகையும் அனுப்பக்கூடிய இன்னொரு வங்கிப் பரிமாற்ற முறை) ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். கணக்கு எண் புரோஃபார்மா இன்வாய்ஸில் (பணம் கட்டும் முன் ஷோரூம் தரும் விலைச் சீட்டு) அச்சானதாக இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம். இப்போது ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைத் திரையில் பார்க்கும் வசதியும் வந்துவிட்டது. நிறுவனத்தின் பெயர் வராமல் தனி ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். விற்பனையாளரின் ஜிபே நம்பருக்குப் புக்கிங் பணம் அனுப்பச் சொன்னாலும் இதே பதில்தான்.

பூண்டு விற்ற பணத்தை மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து ரொக்கமாகக் கொண்டுவரும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கவனம். ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. இன்று கொஞ்சம் நாளை கொஞ்சம் என்று பிரித்துக் கொடுத்தாலும் வண்டி ஒன்றுதானே, கணக்கு ஒன்றுதான். பணத்தைக் கணக்கில் போட்டு டிடி எடுங்கள், அல்லது ஆர்டிஜிஎஸ் போடுங்கள்.

அப்புறம், மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். ரூபேக்குக் கட்டணம் இல்லையே என்றதும், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்றார். எந்த வங்கி பிடித்தது, ஒரு காகிதம் காட்டுங்கள் என்றேன், காட்டவில்லை. பதிலுக்கு வண்டிக்குள் ஃபுளோர் மேட்டும் மட்ஃபிளாப்பும் போட்டுத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், என் பணம் என் கணக்குக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இங்கே இல்லையென்றால் மலை இறங்கி கோயம்புத்தூர்தான் போக வேண்டும், எனவே நம் ஜனம் கேட்காமல் கட்டிவிடும் என்ற தைரியம் அவர்கள் பேச்சில் தெரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எஸ்டேட்டில் இருபது, முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தோடு அந்த வாசலுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கார்டு மெஷின் சீட்டின் மேலே, மெஷின் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கும். அந்த வங்கிக்கு எழுத்து மூலமாகப் புகார் அனுப்பியிருக்கிறேன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் திரும்பவில்லை. வராவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கார்டில் கட்டிப் புது வண்டி எடுத்தவர்கள் உங்கள் சீட்டையும் ரசீதையும் ஒருமுறை எடுத்துத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டின் அச்சு சில மாதங்களில் மங்கிவிடும், இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.