மிலிட்டரி லாரி வாங்கப் போகிறவர்களே, டிரைவரின் இடது முழங்காலைப் பாருங்கள்

ராணுவம் கழித்துவிட்ட பழைய நிசான் ஒரு டன் லாரியை 3,80,000 ரூபாய் கொடுத்து வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதன் கியர்பாக்ஸுக்காகப் பட்டறைகளில் கொட்டியது இன்னொரு 90,000. இன்று அது எங்கள் தோட்டத்துப் பலா மரத்தடியில் நிற்கிறது. ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ஒரு சக்கரம் வெளியே வைத்தாலும் குற்றம். இந்த வாரம் மட்டும் தெரிந்தவர்கள் இரண்டு பேர் "மிலிட்டரி வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், எப்படி?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி என் மானத்தைத் தவணை முறையில் இழப்பதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

திண்டுக்கல் மாவட்டத்து மலையில், தாண்டிக்குடிக்கு மேலே காப்பியும் மிளகும் வைத்திருக்கிறோம். தார்ச்சாலையிலிருந்து களம் வரை இரண்டரைக் கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் வாடகை லாரிக்காரர் யாரும் உள்ளே வர மாட்டார். ஜீப்பில் பத்து மூட்டைக்கு ஒரு நடை. நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன லாரி ஒன்று இருந்தால் கவலை விட்டது என்று வெகுநாள் ஆசை. நிசான் ஒரு டன், ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகக் கட்டிய வண்டி. ராணுவ ஜீப்பான ஜோங்காவில் வந்த அதே ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் எஞ்சின்தான் இதற்கும். மலையேற்றத்தில் யானை, பெட்ரோல் குடிப்பதிலும் யானை.

நெடுஞ்சாலை ஓரத்து யார்டு ஒன்றில் அதைப் பார்த்தேன். ஊரும் பெயரும் வேண்டாம், வழக்கு நடக்கிறது. பச்சை வண்ணம் அன்றைக்குத்தான் அடித்தது போலப் பளபளத்தது. "ஏலத்தில் நேரடியாக எடுத்த வண்டி, அண்ணே. பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் போட்டிருக்கிறேன். உங்களுக்கு மைலேஜும் ஆயிற்று, மிலிட்டரி வண்டியும் ஆயிற்று" என்றார் விற்றவர். நான் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. கியர்பாக்ஸும் சூடாகவே இருந்திருக்கும். தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அவருடைய டிரைவர் என்னை ஏற்றிக்கொண்டு நான்கைந்து கிலோமீட்டர் போய் வந்தார். சத்தமே இல்லை. அந்த வயதுக் கியர்பாக்ஸ் கொஞ்சமாவது ஊளையிட வேண்டும். இது ஊமையாக இருந்தது, நான் மகிழ்ந்தேன். டிரைவர் வழி நெடுக இடது முழங்காலைக் கியர் லிவரின் மேல் சாய்த்து வைத்திருந்தார். கால் நீட்ட இடமில்லாத வண்டி, அப்படித்தான் உட்கார முடியும் போலும் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு என்னிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தார்கள். சமதளச் சாலையில், ஒரு கிலோமீட்டர்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தபோதுகூட ஒன்றும் தெரியவில்லை. மலையேறும்போது எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது, கியர் பிடித்துக்கொள்கிறது. ஒரு வாரம் கழித்து இருபது மூட்டைக் காப்பியோடு முதல் முறையாகக் கீழே இறங்கினேன். பெரும்பாறைக்கு மேலே ஒரு வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். சக்கரம் எஞ்சினைத் தள்ளத் தொடங்கிய அந்த நொடியில் லிவர் 'டக்' என்று தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. மறுபடி மூன்றாம் கியருக்குத் தள்ளினேன். பற்கள் நறநறத்தன, விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. பிரேக்கை அமுக்கி அமுக்கி லைனிங் கருகும் வாடை வந்துவிட்டது. மலைப்பக்கத்து ஓடைக்குள் முன்சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த பையன் இறங்கிப் போய்ப் பாறையில் உட்கார்ந்தவன் கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. டிரைவரின் முழங்கால் எதற்கு அங்கே இருந்தது என்று அந்தக் கால் மணி நேரத்தில்தான் எனக்கு விளங்கியது.

முதல் மெக்கானிக் கிளட்ச் பிளேட்டை மாற்றினார். 14,000 ரூபாய். கியர் துள்ளுவதற்கும் கிளட்ச் தேய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டாமவர் மேல்மூடியைக் கழற்றி, லிவர் நழுவாமல் பிடித்து வைக்கும் குண்டையும் ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட்டார். நியாயமான இடத்தில்தான் தொடங்கினார். அந்த ஸ்பிரிங் செத்துப் போயிருந்தாலும் கியர் துள்ளும். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதை.

மூன்றாவதாகக் கிடைத்தவர் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருபது ஆண்டுக்கு மேல் வண்டிகளைப் பிரித்துப் பூட்டி ஓய்வு பெற்றவர். வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. "முதலில் ஆயிலை இறக்குங்கள், தம்பி" என்றார். இறங்கியது ஆயில் இல்லை, பழைய கேப்பைக் கூழ். விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். நார் நாராக ஏதோ ஒட்டியது. மரத்தூள். பற்கள் தேய்ந்த கியர்பாக்ஸில் மரத்தூளைப் போட்டு, கெட்டியான 140 ஆயிலையும் ஊற்றிவிட்டால் சில நூறு கிலோமீட்டருக்குச் சத்தம் அடங்கிவிடும். நான் மகிழ்ந்த அமைதி அதுதான். கூழை வெயிலில் பிடித்தால் தங்கத்தூள் போல மின்னியது. அது கியர்கள் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. டிரெயின் பிளக்கில் ஒட்டியிருந்த இரும்புச் சிராய்களை ஒரு தாளில் தட்டி என் கையில் கொடுத்து, "விற்றவருக்குக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் அவர் கண்டுபிடித்த முக்கியமான விஷயம் கியர்பாக்ஸுக்குள் இல்லை, அதற்கு முன்னால் இருந்தது. டீசல் எஞ்சினையும் நிசான் கியர்பாக்ஸையும் சேர்க்க இடையில் ஒரு இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். லேத்தில் கடைந்தது இல்லை. கேஸ் வைத்து வெட்டி, அரத்தால் ராவி, கண்ணளவில் துளை போட்டது. ஃபிளைவீலில் மிகச் சிறிய விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஒரு பக்கமாகவே ஓடியது. எஞ்சினின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் முக்கால் மில்லிமீட்டர் விலகியிருந்தன. நூலிழை விலகினாலே தவறு என்கிற இடம் அது. உள்ளே வரும் ஷாஃப்ட் சாய்வாகச் சுற்றுகிறது. கியரைப் பூட்டும் பற்கள் நேராக உட்காராமல் சாய்ந்து சாய்ந்து கூம்பாகத் தேய்கின்றன. இறக்கத்தில் விசை திசை மாறியதும் வழுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. குண்டு, ஸ்பிரிங், கியர் எதை மாற்றினாலும் தகடு அதுவாகவே இருந்தால் ஆறு மாதத்தில் அதே நிலைதான். புதுத் தகடு கடைந்து, பேரிங்குகள் மாற்றி, தேறிய கியர்களை வேறொரு பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியதும் துள்ளல் நின்றது. ஆயிலையும் மாற்றச் சொன்னார்: பித்தளை வளையம் உள்ள கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில், அச்சுக்கு ஜிஎல்-5. ஜிஎல்-5இல் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே வாளி.

ஃபோர் வீல் லிவர் இறுகிக்கொண்டு வெளியே வராததற்கும் காரணம் சொன்னார். டேப் வைத்து டயர்களைச் சுற்றி அளந்தோம். முன்டயர்கள் பின்டயர்களைவிட நான்கு சென்டிமீட்டர் குறைவு. இத்தகைய வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் இரும்போடு இரும்பாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் வழுக்கி வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார்ச்சாலையில் முறுக்கு முழுவதும் முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் தங்கிவிடும். பத்தடி பின்னால் போனால் முறுக்கு அவிழ்ந்து லிவர் வெண்ணெயாக வரும். நான் அதைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். "ஓட ஓடச் சரியாகும், அண்ணே" என்றிருந்தார் விற்றவர்.

இந்த அளவில் நின்றிருந்தால் பட்டறைச் செலவு என்று மனதைத் தேற்றியிருப்பேன்.

ஆர்.சி. புத்தகம் வேறு மாநிலத்துடையது. தடையில்லாச் சான்று "வந்துகொண்டே இருந்தது". ஆன்லைனில் எண்ணைப் போட்டால் வண்டி வரவில்லை. பழைய கையெழுத்துப் புத்தகம், இன்னும் கணினியில் ஏற்றவில்லை என்றார் விற்றவர். அப்படி ஏற்றாமல் விடுபட்ட புத்தகங்கள் உண்மையிலேயே உண்டு என்பதால் நம்பினேன். புத்தகத்தில் எரிபொருள் 'பெட்ரோல்' என்று இருந்தது. "அது ஒரு மனுவில் முடிகிற வேலை" என்றார். எட்டு மாதம் கழித்து ஒரு சான்று வந்தது. எடுத்துக்கொண்டு வண்டியோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போனேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் வண்ணத்தைத்தான் பார்த்தார். "இந்தப் பச்சை யார் அடித்தது?" ராணுவத்தைச் சேராத எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை கூடாது, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி. நான் மயங்கிய நிறமே விதிமீறல். பிறகு தின்னரில் துணியை நனைத்து சேசிஸ் எண் இருக்க வேண்டிய இடத்தைத் துடைக்கச் சொன்னார். பச்சை கரைந்தது, அதன் கீழே இன்னொரு பச்சை, அதன் கீழே கிரைண்டர் தேய்த்த கோடுகள். எண்ணைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு வெல்டிங் தழும்பு. வேறு வண்டியின் சேசிஸிலிருந்து எண் இருந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து இதில் ஒட்டியிருக்கிறார்கள். அவர் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தார். எண்களோடு தழும்பும் சேர்ந்தே அச்சில் வந்தது.

எனக்கு வெறி பிடித்தது போல் ஆகி, வீட்டுக்கு வந்து மீதித் தின்னரால் பம்பரையும் துடைத்தேன். மேல்நோக்கிய அம்புக்குறி தெரிந்தது, அடுத்து 83. ராணுவ எண்ணில் அம்புக்குறியை அடுத்த இரண்டு இலக்கம் வண்டி வாங்கப்பட்ட ஆண்டு. என் புத்தகத்தில் இருப்பது 1991. இ.எம்.இ. அண்ணனிடம் ஓடினேன். அவர் நிதானமாக, "பம்பர் வேறு வண்டியுடையதாக இருக்கலாம், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சேசிஸ் ஒன்றே போதும்" என்றார். அதாவது நான் வாங்கியது ஒரு வண்டி இல்லை. மூன்று நான்கு வண்டிகளின் கூட்டுக்குடும்பம்.

விதி என்ன என்பதை வாங்கிய பிறகு படித்தேன். நீங்கள் முன்னால் படியுங்கள். படையின் கையில் இருக்கும்வரை அந்த வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆவது பிரிவின்படி தனிப் பதிவு. அங்கிருந்து வெளியே வந்ததும் மற்ற வண்டிகளைப் போலப் பதிவு செய்தாக வேண்டும். அந்த முதல் பதிவுக்கு, கழித்த அதிகாரியிடமிருந்து படிவம் 21இல் விற்பனைச் சான்றின் அசல் வேண்டும் என்று 47ஆவது விதி சொல்கிறது. என்னிடம் இருந்தது ஏலக் கடிதத்தின் ஜெராக்ஸ். அதையும் பெரிதாக்கிப் பார்த்தால் எண் இருக்கும் வரி மட்டும் கொஞ்சம் கோணல். ஏலத்தில் ஓடும் வண்டியாக விற்றார்களா, உடைக்கிற இரும்பாக விற்றார்களா என்பது அசலில்தான் தெரியும். இரும்பாக வந்ததற்கு உயிர் கொடுக்க வேறொரு வண்டியின் எண் தேவைப்படுகிறது, வியாபாரமே அதுதான்.

எஞ்சின் மாற்றம் இன்னொரு சுவர். புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற 52ஆவது பிரிவு தடை. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறான மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிய அதே நாளில் கியர்பாக்ஸின் கதையும் புத்தகத்தின் கதையும் சேர்ந்து முடிந்திருக்கின்றன. தகட்டை மாற்ற லேத் பட்டறை இருந்தது. எண்ணை மாற்ற எந்தப் பட்டறையும் இல்லை. அப்படிப் பட்டறை உண்டு என்று ஒருவர் 40,000 கேட்டு வந்தார் என்பது வேறு விஷயம். அவரை வாசலோடு அனுப்பினேன். அந்த வேலைக்குச் சம்மதித்திருந்தால் இன்று புகார்தாரராக இல்லாமல் குற்றவாளியாக நிற்பேன்.

இதற்குப் பிறகும் வாங்குவேன் என்பவர் காலையில் சொல்லாமல் போய், வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஒரு இறக்கத்தில் நீங்களே ஓட்டி, ஒவ்வொரு கியரிலும் லிவரிலிருந்து கையையும் முழங்காலையும் விலக்கி, ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பாருங்கள். கால் லிட்டர் ஆயிலை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பஸ் ஏறிவிடுங்கள். ஆனால் இதெல்லாம் இரண்டாவது நாள் வேலை. முதல் நாள் ஒரு பாட்டில் தின்னரும் ஒரு பென்சிலும் போதும்.

விற்றவரிடம் இரும்புச் சிராயையும் பென்சில் அச்சையும் கொண்டு போய் வைத்தேன். சிராயைப் பார்த்து, "பழைய வண்டி என்றால் அப்படித்தான், அண்ணே" என்றார். அச்சைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக் காப்பி சொன்னார். பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசியதில் 75,000 திரும்பி வந்தது. அத்தோடு விவகாரம் முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிடும்படி கேட்டார்கள். மறுத்துவிட்டு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறேன். வண்டியை விற்கவோ உடைக்கவோ கூடாது, சாட்சிப் பொருள் என்று சொல்லியிருக்கிறார்கள். பலாப்பழம் விழுந்து பானெட் இரண்டு இடத்தில் நெளிந்துவிட்டது. மாசி பிறப்பதற்குள் ஒரு தகரக் கூரை போட வேண்டும்.