7 யூனிட் பேட்டரி போதவில்லை, 5 யூனிட் மிஞ்சுகிறது

கும்பகோணத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "சோலாருக்கு லித்தியம் பேட்டரி விலை இறங்கிடுச்சாமே, 10 கிலோவாட்-அவர், அதாவது 10 யூனிட் பேட்டரியா போட்டுடலாமா? நீதான் வருஷக்கணக்கா வச்சிருக்கியே" என்றான். அவன் கேட்ட நேரம், என் இன்வெர்ட்டர் ரிப்பேருக்குப் போய் ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்திருந்தது. அந்த ஒன்பது நாளில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தால் வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது தென்னை மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வர மூன்று வாரம் ஆனது. அம்மாவுக்கு இன்சுலின் போட வேண்டும். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் மணலைப் போட்டு, அதைத் தினமும் நனைத்து மருந்தைக் காப்பாற்றினோம். அந்தப் பயம் மனதில் இருந்ததால் மறு வருடம் சோலார் போடும்போது, "பேட்டரி பெருசா இருக்கட்டும்" என்று நானே கடைக்காரரிடம் சொன்னேன்.

150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் ஈய பேட்டரி நான்கு வந்தன. 12 வோல்ட்டை 150 ஏ.எச்.சால் பெருக்கினால் 1,800 வாட் அவர். நான்குக்கும் சேர்த்து 7.2 யூனிட். (ஒரு கிலோவாட் அவர் என்பது ஈ.பி. பில்லில் வருகிற ஒரு யூனிட்தான்.) ஆனால் ஈய பேட்டரியை பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகக் கைக்கு வருவது 3.6. அதிலும் எனக்குக் கொடுத்தவை சி20 வகை. இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால்தான் அந்த 150 கிடைக்கும். வேகமாக இழுத்தால் குறையும். சோலாருக்கென்று வருவது சி10, அதாவது பத்து மணி நேரக் கணக்கு. இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய தவறு கூரையில் இருந்தது. மேலே பேனல் 1 கிலோவாட்தான். நல்ல வெயிலில் ஒரு நாளுக்கு 4 யூனிட் தரும். பகலில் வீடு 2 யூனிட் எடுத்துக்கொண்டால் பேட்டரிக்கு மிச்சம் எவ்வளவு? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நாள் மொத்தமே ஒரு யூனிட்டைத் தாண்டாது. வாரக்கணக்கில் அரைகுறையாகச் சார்ஜ் ஆகியே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் அது முழுதாகக் கரையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, டெர்மினலைத் துடைத்து, குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். ஆனாலும் எட்டு மணி நேரம் தாங்கியது 2022 முடிவில் மூன்று மணி நேரமாகிவிட்டது. பேட்டரி மட்டமானது என்று சொல்ல மாட்டேன். அதன் வயிறு பெரிது, நான் போட்ட சாப்பாடு கொஞ்சம். பட்டினியில் செத்தது.

2023 தொடக்கத்தில் இரண்டு வேலை செய்தேன். பேனலை 2 கிலோவாட்டாக்கினேன். பேட்டரிக்கு 51.2 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்று. கணக்குக்கு 5.12 யூனிட். இதில் 90 சதவீதம் வரை எடுக்கலாம், அதாவது 4.6. காகிதத்தில் பழையதைவிடச் சிறியது. கைக்கு ஒரு யூனிட் கூடுதல்.

வாங்குவதற்கு முன் இந்த முறை ராத்திரியை அளந்தேன். மாலை 6 முதல் காலை 6 வரை மூன்று பழைய மின்விசிறி, ஒவ்வொன்றும் 75 வாட், ஒன்பது மணி நேரம்: 2 யூனிட். ஃபிரிட்ஜ் அரை யூனிட். விளக்கு, டி.வி., மோடம் எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை. மொத்தம் 3. மின்விசிறிகளை மட்டும் 30 வாட் பி.எல்.டி.சி.யாக (குறைந்த கரண்ட்டில் ஓடும் மோட்டார் வைத்த வகை) மாற்றியதும் 2 யூனிட் 0.8 ஆகிவிட்டது. மூன்று மின்விசிறியின் விலைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் மிச்சம். எந்த பேட்டரியும் இந்த விலைக்கு அவ்வளவு தராது. இந்தச் சந்தோஷம் எனக்கு இன்றுவரை குறையவில்லை.

லித்தியத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம், ஆசிட் வாடை இல்லை. வெயில் நாளில் மதியத்துக்குள் நிரம்பிவிடும். அரைச் சார்ஜில் கிடந்தாலும் அதற்குக் கெடுதல் இல்லை. நம்ம ஊர் மழைக்காலத்துக்கு இந்தக் குணம் ஒன்றே போதும்.

இனி அந்தக் கோபம். இன்வெர்ட்டர் போர்டு போய்விட்டது என்று கழற்றிக்கொண்டு போனவர், தற்காலிகமாக ஒரு சின்ன 3 கே.வி.ஏ. இன்வெர்ட்டரை மாட்டிவிட்டுப் போனார். (கே.வி.ஏ. என்பது இன்வெர்ட்டர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதன் அளவு.) என்னுடையது 5 கே.வி.ஏ. தினமும் காலையில் பேட்டரி 45 சதவீதம் காட்டும். சின்னது வந்த மறுநாள் காலை 54. அடுத்த நாளும் 54. வீட்டில் எதுவும் மாறவில்லை. என்னுடையது திரும்பி வந்ததும் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, டி.சி. அளக்கிற கிளாம்ப் மீட்டரை பேட்டரி வயரில் மாட்டிப் பார்த்தேன். 1.1 ஆம்பியர். ஒரு விளக்குகூட எரியவில்லை, 57 வாட் போய்க்கொண்டிருந்தது! சின்னதில் 0.4 ஆம்பியர்தான் இருந்தது. 57 வாட் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 0.7 யூனிட். கிட்டத்தட்ட மூன்று பி.எல்.டி.சி. மின்விசிறி ராத்திரி முழுக்க ஓடுகிற அளவு கரண்ட்டை, சும்மா விழித்திருப்பதற்காக இந்தப் பெட்டி குடித்திருக்கிறது. 2019-லிருந்து ஒவ்வொரு ராத்திரியும்.

5 கே.வி.ஏ. எதற்கு? "ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருக்கே, ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும்" என்றார்கள். அது உண்மைதான். ஆனால் இத்தனை வருடத்தில் மோட்டாரை இன்வெர்ட்டரில் போட்டது ஐந்தாறு முறைதான்; கரண்ட் இருக்கும்போது தொட்டியை நிரப்பிவிடுகிறோம். விற்கும்போது எத்தனை வாட் தாங்கும் என்று சொல்கிறவர்கள், தானே எத்தனை வாட் தின்னும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பேட்டரி அளவு பார்க்கிற யாரும் முதலில் கேட்க வேண்டிய எண் இது.

நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வாங்கி 3 கிலோவாட் போட்டிருக்கிறான். கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் வீடு இருட்டாகிறதே என்று ஆத்திரம். அவனுடையது பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைந்து ஓடும் வகை. லைனில் பழுது பார்ப்பவர் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த வகை இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடுகிறது. பேட்டரி வாங்கினால் மட்டும் இது தீராது. இன்வெர்ட்டரும் ஹைப்ரிட்டாக, அதாவது பேனல், பேட்டரி, ஈ.பி. மூன்றையும் சேர்த்துக் கையாள்கிற வகையாக, மாற வேண்டும். 10 யூனிட் என்று அவன் சொல்வதற்குக் காரணம் ஏ.சி. ஒன்றரை டன் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடினால் ஆறேழு யூனிட் போய்விடும். ஆனால் அவன் தெருவில் பெரும்பாலும் கரண்ட் நிற்பது மாதாந்திரப் பராமரிப்புக்கு, அதுவும் பகலில். ஹைப்ரிட் இருந்தால் அந்தப் பகலை பேனலே பார்த்துக்கொள்ளும். கஜா மாதிரி ஒன்று வந்தாலும், மூன்று வாரத்தைச் சேமித்து வைக்கிற பேட்டரி எந்த வீட்டிலும் கிடையாது. ஒரு ராத்திரியும், அதோடு ஒரு மழை நாளும் தாண்டினால் போதும்; மிச்சத்தை மேலே இருக்கிற பேனல் நிரப்ப வேண்டும்.

மூன்று வருடமாக என்னிடம் நன்றாக உழைக்கிற பேட்டரிதான். இருந்தாலும் அவனிடம் இப்போது எதையும் வாங்காதே என்றே சொன்னேன். ஒரு வாரம் மாலை 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பு, அப்புறம் பேசலாம் என்றேன். நேற்று முதல் படம் வந்தது. ஏ.சி. போடாத ராத்திரி, 4.1 யூனிட். வீட்டில் எத்தனை மின்விசிறி என்று கேட்டேன். நான்காம், நான்குமே பழையவை.