பழைய .32 பிஸ்டல் வாங்கலாமா? ஏற்காட்டில் பார்த்த ஒரு அஷானி

நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டக்காரர் தன் பிஸ்டலை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்த அஷானி. .32 போர் (bore, அதாவது குழல் அளவு), மேகசினில், அதாவது தோட்டா அடுக்குகிற பெட்டியில், எட்டுத் தோட்டா. அவர் கேட்ட விலை புது .32 ரிவால்வர் விலையில் பாதிகூட வராது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் மேகசினும் ஸ்பிரிங்கும் மாற்றுகிற செலவைக் கழித்துப் பேசிய விலைக்குத்தான்.

பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். என்னிடம் அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று லைசென்ஸில் இருக்கிறது, இரண்டாவதாக இதைச் சேர்க்கத்தான் கலெக்டர் அலுவலகத்தில் அனுமதி கேட்டேன். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, முன்பு மூன்று வரை வைக்கலாம். விற்கிறவருக்கும் வேலை இருக்கிறது. தான் விற்கப்போவதை மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்து மூலம் சொல்லிவிட்டு 45 நாள் கழித்துத்தான் கைமாற்ற முடியும். லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்திருக்கிற எண்ணும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அப்படியே எழுந்து வந்திருப்பேன். பேப்பர் இல்லாமல் சல்லிசாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலைகூடக் கேட்காதீர்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால் குறைந்தது 2 ஆண்டு சிறை, 5 ஆண்டு வரை போகலாம்.

இந்தியத் தயாரிப்பை ஏன் பார்த்தேன் என்றால், வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை 1980களிலேயே கட்டுப்படுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் வந்த வால்தர், பிரவுனிங், வெப்லி எல்லாம் இன்றைக்குக் கைமாறும்போது லட்சக்கணக்கில் பேசுகிறார்கள், அதில் பாதிப் பணம் பெயருக்குத்தான். 9 எம்.எம். நமக்குத் தடை செய்யப்பட்ட குழல் அளவு, கேட்கவே வேண்டாம். ஆகவே குறைந்த விலையில் சின்ன பிஸ்டல் வேண்டும் என்றால் மிஞ்சுவது பழைய அஷானி மாதிரி ஒன்றுதான்.

சரி, பொருளுக்கு வருவோம். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகர்கிற பாகம்) இழுத்து, தோட்டா உட்காரும் அறையில் எதுவும் இல்லை என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்த பிறகுதான் பெரியவர் என் கையில் கொடுத்தார். அதிலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் இத்தனை வருடமும் அதைத் தோல் உறையிலேயே வைத்து அலமாரியில் பூட்டியிருக்கிறார். நம் மலையில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை மழையும் மூட்டமும்தான், துணியே காயாது. தோல் அந்த ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துவிடும். வலது பக்கம் உறை உரசின இடமெல்லாம் கறுப்புப் பூச்சு போய்ப் பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. எண்ணெய்த் துணியால் தேய்த்ததும் பெரும்பகுதி வந்துவிட்டது, அடியில் குழி இல்லை. மேல்துரு பெரிய விஷயமில்லை, விலை குறைக்கத்தான் உதவும். ஸ்லைடைக் கழற்றிக் குழலுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்து முன்பக்கமிருந்து பார்த்தேன். குழலுக்குள் வெட்டியிருக்கிற சுருள் வரிகள் கூர்மையாக, வாய் வரைக்கும் பளிச்சென்று இருந்தன. அதிகம் சுடாத துப்பாக்கி.

அடுத்தது ஸ்பிரிங். இந்த வகையில் ஸ்லைடைப் பூட்டிப் பிடிக்கத் தனி அமைப்பு கிடையாது, அதன் எடையும் ஸ்பிரிங்கின் அழுத்தமும்தான் சுடும்போது வரும் உதையைத் தாங்குகின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு பின்னால் போய் ஓங்கி அடித்து அடித்து உடலில் விரிசல் விழும். குழலை மேல்நோக்கிப் பிடித்து, ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்து மெதுவாக விட்டேன். கடைசி நூலளவு மூடாமல் நின்றது. விரலால் தள்ளினால் போகிறது, தானாகப் போகவில்லை.

பெரிய தலைவலி மேகசின். .32 பிஸ்டல் தோட்டா 1899-இல் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் கொண்டுவந்தது. அதன் அடிவிளிம்பு உடலைவிட மயிரிழை அகலம். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றோடொன்று கொக்கி போட்ட மாதிரி மாட்டிக்கொண்டு மேலே ஏறாது. டம்மித் தோட்டா போட்டு ஸ்லைடை இழுத்துப் பார்த்தோம். ஒழுங்காக அடுக்கியும் நடுவில் சிக்கியது. மேகசின் வாயின் இடது உதடு லேசாக வெளியே விரிந்திருக்கிறது, எப்போதோ கீழே விழுந்திருக்கும். சேலத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவரிடம் காட்டியபோது, "இதை வளைச்சுச் சரி பண்ணாதீங்க சார், மறுபடி விரியும், வேற மாத்திடுங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆபத்தில் ஒருமுறை எடுக்கிற பொருள் அந்த ஒருமுறை சிக்கக்கூடாது.

சேஃப்டி நன்றாக இருக்கிறது. காலித் துப்பாக்கியில் சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்தி, விட்டு, பிறகு சேஃப்டியை எடுத்தேன். உள்ளே எதுவும் விழவில்லை. பிடி சின்னது, என் சுண்டுவிரல் வெளியே தொங்குகிறது, ஆனால் இடுப்பில் தெரியாமல் இருக்கும். இன்னொன்று, .32 ரிவால்வர் தோட்டா வேறு, பிஸ்டல் தோட்டா வேறு. ரிவால்வர் தோட்டா நீளமானது, இதில் போடவே முடியாது. கடையில் வாங்கும்போது எது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

காட்டெருமைக்காக பிஸ்டல் வாங்கலாம் என்று நம் மலையில் சிலர் பேசுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதைச் சுடுவது வனவிலங்குச் சட்டப்படி பெரிய குற்றம், .32 தோட்டா அதைக் கோபப்படுத்துவதைத் தவிர எதுவும் செய்யாது, அப்புறம் அடுத்த நாள் மிளகு பறிக்கப் போகிற பெண்கள்தான் அதன் எதிரில் நிற்க வேண்டியிருக்கும். தனியான தோட்ட வீட்டில் இருக்கிறவர், லைசென்ஸ் உள்ளவர், மாதம் ஒருமுறையாவது துடைத்து எண்ணெய் போடுகிற பொறுமை உள்ளவர், இவர்களுக்குத்தான் இது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குகிற அலைச்சலும் உண்டு.

பெரியவரிடம் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசினேன். "நீ சொல்றது நியாயம்தான் தம்பி" என்று விலையைக் குறைத்து, கடிதமும் கொடுத்துவிட்டார். 45 நாள் ஓடுகிறது. ஸ்பிரிங் கடைக்காரர் வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், மேகசின்தான் கிடைக்கவில்லை. சேலம், ஈரோடு, கோவை பக்கம் லைசென்ஸ் உள்ள கடை எதிலாவது அஷானி மேகசின் புதிதாகப் பார்த்திருந்தால் கடைப் பெயரைச் சொல்லுங்கள்.