கெர்னல் ஃபங்ஷனுக்குப் பட்டாவா, அடங்கலா? டுவார்ஃப், பிடிஎஃப், கேப்ரோப் ஓர் அலசல்

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு இருக்கும் கொஞ்ச நிலம் பட்டாவில் நஞ்சை என்றுதான் இருக்கிறது. நேரில் போனால் பாதியில் வாழை, ஓரமாகத் தென்னங்கன்று, மிச்சத்தில்தான் நெல். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு விட மாட்டார்கள், அடங்கல் கொண்டுவா என்பார்கள். இந்தப் போகத்தில் அந்த சர்வே எண்ணில் உண்மையிலேயே என்ன பயிர் நிற்கிறது என்று விஏஓ எழுதித் தரும் காகிதம் அது. இரண்டுமே அரசாங்கக் காகிதம், இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் ஒன்று கேட்ட இடத்தில் மற்றதை நீட்டினால் வேலை நடக்காது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு ஃபங்ஷனின் சிக்னேச்சரும் (எந்தெந்தப் பராமீட்டரை, அதாவது உள்ளீட்டை, எந்த வரிசையில் வாங்கும் என்ற விவரம்) இதே மாதிரிதான் என்பது எனக்குப் புரிந்தது ஒரு சம்பா நடவு சமயத்தில். வீட்டிலிருந்து வேலை. திருவாரூரிலிருந்து கூட வேலை பார்க்கும் தம்பி ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, ஒரு பாக்கெட்டோட நீளம் முந்நூறு கோடி பைட்டுன்னு வருதுண்ணே."

ஈதர்நெட்டில் சாதாரணமாக ஒரு பாக்கெட், 14 பைட் தலைப்பு நீங்கலாக, 1500 பைட்டைத் தாண்டாது. பாக்கெட் தொலைகிறது என்று புகார் வந்த ஒரு வாடிக்கையாளர் இயந்திரத்தில், நெட்வொர்க் டிரைவரின் உள் ஃபங்ஷன் ஒன்றில் பிபிஎஃப் புரோகிராம் (ஓடுகிற கெர்னலுக்குள் மாட்டி வேவு பார்க்கும் சின்ன நிரல்) மாட்டி நீளத்தை எண்ணிக்கொண்டிருந்தான். சோர்ஸில் அந்த ஃபங்ஷனுக்கு மூன்று பராமீட்டர்: டிவைஸ் பாயின்டர், ஃபிளாக், நீளம். புரோகிராமில் தப்பில்லை. கெர்னல் வைத்திருந்த விவரமும் மூன்று என்றே சொன்னது. தப்பு எங்கே?

எக்ஸ்86 64-பிட்டில் முதல் ஆறு பராமீட்டர்கள் ரெஜிஸ்டர்களில் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்) வரிசையாகப் போகும். முதலாவது ஆர்டிஐ (தகவல் கேட்டு மனுப் போடும் ஆர்டிஐ இல்லை, ஆனாலும் நாங்கள் அதனிடம் கேட்பதும் தகவல்தான்), இரண்டாவது ஆர்எஸ்ஐ, மூன்றாவது ஆர்டிஎக்ஸ். நீளம் மூன்றாவது, ஆகவே ஆர்டிஎக்ஸ். ஆனால் அந்த பில்டில் ஃபிளாக்கைப் பயன்படுத்தும் நிரல் பகுதி கான்ஃபிக்கில் அணைக்கப்பட்டிருந்தது. ஃபங்ஷனோ ஸ்டாடிக், அந்த ஃபைலுக்கு வெளியிலிருந்து யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. யாருக்கும் வேண்டாத பராமீட்டரை எதற்குச் சுமப்பது என்று கம்பைலர் (சோர்ஸை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) ஃபிளாக்கைத் தூக்கிவிட்டது. நீளம் ஒரு படி முன்னால் நகர்ந்து ஆர்எஸ்ஐக்கு வந்துவிட்டது. ஆர்டிஎக்ஸில் முன்பு யாரோ விட்டுப்போன குப்பையைத்தான் தம்பி பாக்கெட் நீளம் என்று படித்துக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்ட நிலையில் யாரிடம் கேட்பது என்பதுதான் கேள்வி.

முதலில் பிடிஎஃப். 2018இல் 4.18 கெர்னலோடு வந்தது. டைப் விவரத்தை மட்டும் சுருக்கி வைப்பது, சில எம்பிதான், ஓடுகிற கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பிபிஎஃப் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வரம். 2020 ஜனவரியில் 5.5 கெர்னலோடு எஃப்என்ட்ரி (ஃபங்ஷனின் வாசலிலேயே பிபிஎஃப் புரோகிராமை மாட்டும் வழி) வந்த பிறகு, ஃபங்ஷனின் பெயரைச் சொன்னால் போதும், பராமீட்டரைப் பெயர் சொல்லியே எடுக்கலாம். ரெஜிஸ்டர் கணக்குப் போட வேண்டியதில்லை. வசதி அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். பிடிஎஃப்பில் ஃபங்ஷனின் பெயர், பராமீட்டர்களின் பெயர், டைப் எல்லாம் உண்டு. எந்தப் பராமீட்டர் எந்த ரெஜிஸ்டரில் நிற்கிறது என்று எழுத இடமே இல்லை. வரிசைப்படிதான் இருக்கும் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். சுத்தப் பட்டா.

அடுத்தது டுவார்ஃப். பிழை தேட உதவுவதற்காகக் கம்பைலரே எழுதிவைக்கும் விவரம். இதில் பட்டாவும் அடங்கலும் ஒரே கட்டில் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஒரு ஃபங்ஷனுக்குக் கீழே சோர்ஸில் உள்ளபடி மூன்று பராமீட்டரும் வரிசையாக இருக்கும், அது பட்டா. ஒவ்வொன்றுக்கும் இருப்பிடக் குறிப்பு தனியாக இருக்கும்: இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை இந்த ரெஜிஸ்டரில், அப்புறம் ஸ்டாக்கில் என்று. அது அடங்கல். எங்கள் விஷயத்தில் ஃபிளாக்குக்கு இருப்பிடக் குறிப்பே இல்லை. நீளத்துக்கு நேராக ஆர்எஸ்ஐ என்று தெளிவாக எழுதியிருந்தது. கம்பைலர் எதையும் மறைக்கவில்லை, நாங்கள்தான் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டோம்.

டுவார்ஃப்பின் இன்னொரு பலம் இன்லைன் விவரம். ஒரு ஃபங்ஷனைச் சில இடங்களில் கம்பைலர் அப்படியே உள்ளே கரைத்துவிடும், சில இடங்களில் தனியாகக் கூப்பிடும். எஃப்என்ட்ரி தனியாகக் கூப்பிடுவதை மட்டுமே பிடிக்கும். வாய்க்கால் தலைப்பு மதகில் அளவுகோல் நட்டுவிட்டு, வழியில் கரையை வெட்டிப் பாய்ச்சியவர்கள் தண்ணீரைக் கணக்கில் விட்ட கதை. எங்கெங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று டுவார்ஃப் சொல்லும். பிடிஎஃப்பிடம் கேட்டால் வாய் திறக்காது.

சரி, பிறகு ஏன் எல்லோரும் டுவார்ஃப்பையே வைத்துக்கொள்வதில்லை? கனம். முழு கெர்னலுக்கும் நூற்றுக்கணக்கான எம்பி. வாடிக்கையாளர் இயந்திரத்தில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு டுவார்ஃப் அடங்கிய டீபக் பேக்கேஜை இறக்கப் போட்டேன். பாதியில் கரண்ட் போனது, வந்தது, திரும்பப் போனது. கடைசியில் பேக்கேஜ் வந்து சேர்ந்தபோது கீழத்தெரு டீக்கடையில் பால் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது பாஹோல் என்ற கருவி. டுவார்ஃப்பைப் படித்துப் பிடிஎஃப்பாக மாற்றுவது இதன் வேலை. 2023இல் வந்த 1.25 பதிப்பிலிருந்து இது கொஞ்சம் உஷாராகிவிட்டது. பராமீட்டர் வர வேண்டிய ரெஜிஸ்டரில் வராமல் வேறெங்கோ நின்றால், அந்த ஃபங்ஷனைப் பிடிஎஃப்பில் சேர்க்காமலே விட்டுவிடும்படி கெர்னல் பில்டில் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு ஃபைல்களில் இரண்டு ஸ்டாடிக் ஃபங்ஷன் இருந்து, இரண்டின் சிக்னேச்சரும் வேறாக இருந்தாலும் அதே கதி. பிடிஎஃப்பில் முகவரி கிடையாது, ஆகவே நல்லூர் என்றால் எந்த நல்லூர் என்று கேட்க வழியில்லை. எங்கள் இயந்திரத்தில் இருந்தது அதற்கு முந்தைய பாஹோலில் கட்டிய கெர்னல். அதனால்தான் பொய் உள்ளே நுழைந்தது.

இந்த நீக்கல் கொள்கையைச் சிலர் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன்: "நேத்து வரைக்கும் மாட்ட முடிஞ்ச ஃபங்ஷன் இன்னைக்கு காணோம்" என்று. எனக்கு அதில் வருத்தமில்லை. காணோம் என்று சொன்னால் வேறு வழி தேடுவேன், முந்நூறு கோடி என்று சொன்னால் ஒரு ராத்திரி போய்விடும். என் குறை வேறு: ஏன் விட்டேன் என்று ஓடுகிற கெர்னலில் ஒரு வரிகூட இருப்பதில்லை. தாசில்தார் ஆபீசில் மனுவைக் காரணம் சொல்லாமல் திருப்புவது போல.

கம்பைலருக்குக் கம்பைலர் குணமும் மாறும். ஜிசிசி இப்படி ஃபங்ஷனை மாற்றி எழுதினால் பெரும்பாலும் பெயரில் வால் ஒட்டிவிடும். பராமீட்டரை நீக்கினாலோ உடைத்தாலோ ஐஸ்ரா, மாறிலியை உள்ளே பதித்துவிட்டால் கான்ஸ்ட்பிராப், ஃபங்ஷனைத் துண்டு போட்டால் பார்ட். கால்சிம்ஸ் என்ற கெர்னல் ஃபங்ஷன் பெயர்ப் பட்டியலில் புள்ளிக்குப் பின்னால் வால் தெரிந்தால் ஜாக்கிரதையாக இருக்கலாம். ஐஸ்ரா இன்னும் ஒரு படி போகும்: ஸ்ட்ரக்ட் பாயின்டரைக் கொடுப்பதற்குப் பதில் அதற்குள் தேவையான ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடும். அதைப் பாயின்டர் என்று நம்பிப் படித்தால் எஃப்என்ட்ரி புரோகிராம் விழாது. பூஜ்யமோ குப்பையோ வரும். பூஜ்யம்தான் ரொம்ப மோசம், பார்க்க நியாயமாக இருக்கும். கிளாங்கோ பராமீட்டரைத் தூக்கினாலும் பெயரை அப்படியே விட்டுவிடும். எங்களுடையது கிளாங் பில்ட்.

மூன்றாவது வழி கேப்ரோப், ஓடுகிற கெர்னலில் மாட்டும் ஒரு கொக்கி. நேரே வயலில் இறங்கிப் பார்ப்பது. கால்சிம்ஸில் பெயர் இருந்தால் வாலோடு சேர்த்தே மாட்டலாம். பிடிஎஃப்பில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் அது கையில் கொடுப்பது வெறும் ரெஜிஸ்டர்கள். எது எதுவென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதற்கு டுவார்ஃப் வேண்டும் அல்லது டிஸ்அசெம்ப்ளி (இயந்திரக் கட்டளைகளின் பட்டியல்) படிக்கத் தெரிய வேண்டும். எஃப்என்ட்ரியைவிட வேகமும் குறைவு.

டிரேஸ்பாயின்ட் இருக்கும் இடத்தில் இந்தப் பேச்சே வேண்டாம், அதையே பிடியுங்கள். சோர்ஸில் எழுதியவரே நட்டுவைத்த அளவுகோல் அது, கம்பைலர் நகர்த்தாது. நமக்கு வேண்டிய இடத்தில் இருக்காது என்பதுதான் தொல்லை. சொந்த மாட்யூலை ஜிசிசியில் கட்டுவதென்றால் ஃபங்ஷனுக்கு நோஇன்லைன், நோகுளோன் என்று குறிப்புப் போட்டுக் கம்பைலரைக் கட்டிவைக்கலாம். அடுத்தவர் கெர்னலில் அது நடக்காது. கம்பைலர் இப்படி வெட்டி ஒட்டும் ஆப்டிமைசேஷனையே அணைத்துவிடலாமே என்று யாராவது கேட்பார்கள்: அப்படி அணைத்த ஓ0இல் லினக்ஸ் கெர்னல் கம்பைலே ஆகாது.

அன்றாட வேலைக்கு என் தேர்வு புது பாஹோலில் கட்டிய பிடிஎஃப்பும் எஃப்என்ட்ரியும்தான். ஃபங்ஷன் அதில் இல்லையென்றால் அதையே ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு, அதே பில்டின் டுவார்ஃப்பை என் இயந்திரத்தில் திறந்து, இருப்பிடம் பார்த்து, அங்கே கேப்ரோப் போடுவேன். டுவார்ஃப் வாடிக்கையாளரிடம் இருக்க வேண்டியதில்லை. பில்டின் அடையாள எண்ணான பில்ட்-ஐடி மட்டும் ஒத்துப்போக வேண்டும்.

அன்றும் அதைத்தான் செய்தோம். விடிகாலையில் தம்பி கேப்ரோபை மாட்டி ஆர்எஸ்ஐயைப் படித்தான். 1514, 66, 1514, 1514, 66.

"அண்ணே, நீளம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப பாக்கெட் தொலையறது வேற இடத்துலதான். தூங்கிட்டு வா தம்பி, பத்து மணிக்குப் பார்ப்போம்."